பாதி கழற்றிய போல்ட்

சுசீந்திரத்தில் ததேயுஸை நல்ல மெக்கானிக் என்று சொன்னார்கள். அதில் முக்கால் பங்கு சரி. கார்புரேட்டரைக் கழுவுவான், பிரேக் கட்டை மாற்றுவான், எந்தப் பக்கம் என்ன சத்தம் என்று கண்ணை மூடிக்கொண்டு காதாலேயே சொல்வான். மீதிக் கால் பங்கு ஊருக்குத் தெரியாது, அவனுக்குத் தெரியும். பிஸ்டனிலிருந்து பின்னைக் கழற்ற வேண்டிய எந்த வேலையையும் அவன் இரண்டு வருடமாகத் தொடவில்லை. “அது நாகர்கோவில் பெரிய பட்டறையில பாக்க வேண்டிய சோலி அண்ணாச்சி, என்கிட்ட சாமான் கிடையாது” என்று சொல்லிவிடுவான். சாமான் இருந்தது. பெட்டியின் அடியில் எண்ணெய்த் துணியில் சுற்றி வைத்திருந்தான்.

வேலை என்னவோ சின்னதுதான். இன்ஜினுக்குள் மேலும் கீழும் ஓடுவது பிஸ்டன். அந்த ஓட்டத்தைக் கீழே சுழலும் தண்டுக்குக் கொண்டுபோவது கனெக்டிங் ராடு. இரண்டையும் சேர்த்துப் பிடித்திருப்பது பெருவிரல் பருமனில் ஓர் எஃகுக் குழாய், அதுதான் பின். ராடைத் தனியாக எடுக்க வேண்டுமென்றால் பின் வெளியே வர வேண்டும். பிஸ்டன் அலுமினியம், பின் எஃகு. அலுமினியம் அடி தாங்காது. அந்தக் காலத்தில் ஒரு பிஸ்டன் உடைந்தால் இன்னொன்று வந்துசேர மாதங்கள் ஆகும், வராமலும் போகும்.

ததேயுஸ் இனயம் என்ற கடற்கரை ஊர்க்காரன். பதினெட்டு வயது வரை அப்பனோடு கட்டுமரத்தில் போனவன். பிறகு யுத்தம் வந்தது. பட்டாளத்தில் லாரிப் பட்டறையில் சேர்ந்து ஐந்து வருடம் வடக்கே இருந்தான். திரும்பி வந்ததும் இனயத்துக்குப் பக்கத்தில், புதுக்கடை என்ற ஊரின் சந்திப்பில் ஓலைக்கொட்டகை போட்டுக் கடை திறந்தான். நன்றாகத்தான் நடந்தது, தேங்காய் வியாபாரி வைகுண்டராஜனின் கார் வரும் வரையில்.

அந்தக் காரில் ராடின் மேல்கண், அதாவது மேல்முனை வளையம், பின்னைக் கவ்விப் பிடித்திருந்தது. கண்ணில் ஒரு பிளவு. பிளவை இறுக்க ஒரு போல்ட். பட்டாளத்து லாரிகளில் அவன் பார்த்த அமைப்பு வேறு. ஆனாலும் இதில் புரியாமல் போக என்ன இருக்கிறது? இறுக்குவது போல்ட், தளர்த்தினால் விடும். போல்ட்டைத் தளர்த்தினான். பின் அசையவில்லை. சுத்தியலை எடுத்தான். ஒன்பதாவது அடியில் சத்தம் மாறியது. கையில் எடுத்துப் பார்த்தபோது பின் நுழையும் துளையிலிருந்து பிஸ்டனின் விளிம்பு வரை ஒரு கீறல் ஓடியிருந்தது.

“நான் கழத்தும்போதே கீறல் கெடந்துது முதலாளி” என்றான் வைகுண்டராஜனிடம்.

வைகுண்டராஜன் அவனை ஒருமுறை பார்த்தார். “அப்படியா” என்று மட்டும் சொன்னார். ததேயுஸ் போல்ட்டை மறுபடி இறுக்கிக் கொடுத்த பிஸ்டனையும் ராடையும் ஒன்றாகவே சாக்கில் போட்டு எடுத்துப் போனார். எட்டு மாதம் அந்தக் கார் கட்டை மேல் நின்றது. கொச்சியில் யாரோ உடைத்துப் போட்ட வண்டியிலிருந்து பிஸ்டனும் ராடுமாகக் கிடைத்த பிறகுதான் ஓடியது.

ஆனால் எதிரே டீக்கடையில் இருந்தவர்கள் அடியை எண்ணியிருந்தார்கள். மறுநாளே ஜான்ரோஸ் என்கிற பஸ் டிரைவர் டீக் கிளாசோடு வந்து நின்று கேட்டான்: “ஏலே ததேயு, கீறல் கெடந்த சாமானத்த எதுக்குல ஒம்பது அடி அடிச்ச? கீறல் நேரா ஓடட்டும்னா?” கடை முழுவதும் சிரித்தது. அன்றிலிருந்து அவன் பெயர் சுத்தியல் ததேயு. ஆறு மாதத்தில் கொட்டகையைப் பிரித்துக்கொண்டு ஆளறியாத கிழக்கே, சுசீந்திரம் பஸ் ரோட்டுக்கு வந்தான். மனைவி குளோரி இனயத்திலேயே இருந்தாள். சனிக்கிழமை தோறும் அவன் ஊருக்குப் போவான். பஸ் புதுக்கடையைத் தாண்டும்போது வைகுண்டராஜனின் கடை வலப்பக்கம் வரும். ததேயுஸ் எப்போதும் இடப்பக்க இருக்கையில்தான் உட்காருவான்.

பொய் அவனை உறுத்தியது. அதைவிட அதிகமாக உறுத்தியது வேறொன்று. பின் ஏன் வரவில்லை என்பது அவனுக்குத் தெரியவில்லை. செய்த தவறு இன்னதென்று தெரிந்தவன் அதை விலக்கி நடக்கலாம். தெரியாதவன் தன் கையையே சந்தேகப்பட வேண்டியிருக்கிறது. சாப்பிட உட்கார்ந்தாலும் அவன் வலக்கையைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பதைக் குளோரி கவனித்திருந்தாள். ஒருநாள் கேட்டும் விட்டாள். “கையில என்ன எழுதியா வச்சிருக்கு?” அவன் சோற்றைப் பிசையத் தொடங்கினான்.

1952 மாசி மாதம், ஒரு திங்கட்கிழமை, சுசீந்திரம் வள்ளிநாயகம் பிள்ளையின் டாக்சி தேரூர் பக்கம் ஏதோ உடைவது போன்ற சத்தத்தோடு நின்றது. காளைகளைக் கட்டி இழுத்து வந்தார்கள். பிள்ளையின் தம்பி சிவதாணு தெருமுனையில் நின்று அதைப் பார்த்துவிட்டு உரக்கச் சொன்னார்: “நல்லதுதான். இனிமே பெட்ரோல் வேண்டாம், வைக்கோல் போரும்.”

அந்தக் கிண்டலுக்குப் பின்னால் ஒரு கதை உண்டு. பாகப்பிரிவினையின்போது சகோதரர்கள் வயலைக் கேட்டார்கள். வள்ளிநாயகம் வயலில் ஒரு பகுதியை விட்டுக்கொடுத்துத் தகப்பனாரின் காரைக் கேட்டு வாங்கினார். நாஞ்சில்நாட்டில் நெல் விளையும் மண்ணை விட்டுவிட்டு டயரை வாங்கிய வேளாளர் அவர் ஒருவராகத்தான் இருக்கும். அவர் மனைவி தாணம்மாள் அன்று முதல் அந்தக் காரில் ஏறியதில்லை. கோயிலுக்கும் நடந்துதான் போவாள்.

வெள்ளிக்கிழமை காலை நாகர்கோவிலில் வண்டிப் பரிசோதனை. அன்று கார் ஓடிப் போய் நிற்காவிட்டால் டாக்சி உரிமம் போகும். பிறகு அது வெறும் தகரம்.

ததேயுஸ் இன்ஜினின் அடியைத் திறந்து பார்த்தான். மூன்றாவது ராடின் கீழ்க்கண்ணில், தண்டு உராயாமல் சுழல வார்த்திருந்த வெள்ளை உலோகம் உருகி ஓடியிருந்தது. நாகர்கோவில் பட்டறையில் புதிதாக வார்த்துக் கடைந்து கொடுப்பார்கள். ஆனால் ராடை மட்டும் தனியாகக் கொண்டுபோக வேண்டும். பிஸ்டனோடு கொண்டு போனால் கழற்றித்தர இந்த வாரம் ஆளில்லை என்று சொல்லிவிட்டார்கள். செவ்வாய் சாயங்காலத்துக்குள் ராடு போய்ச் சேர்ந்தால் வியாழன் காலை கிடைக்கும். அதற்கு நாலு மணி பஸ்ஸைப் பிடித்தாக வேண்டும்.

“நீருதான் வே கழத்தித் தரணும்” என்றார் வள்ளிநாயகம். “உம்ம விட்டா எனக்கு இப்பம் ஆருண்டு?”

முடியாது என்று சொல்லத்தான் ததேயுஸ் வாயைத் திறந்தான். “பாக்கலாம் அண்ணாச்சி” என்று வாய் சொன்னது.

செவ்வாய்க்கிழமை பன்னிரண்டு மணிக்குப் பிஸ்டனும் ராடுமாக வெளியே வந்தது. பிள்ளையின் வீட்டுப் பின்கட்டில், வேப்பமரத்தடியில் ஒரு சாக்கை விரித்து அதை வைத்தான். மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்தான். துடைத்தபின் தெரிந்தது. அதே அமைப்பு. மேல்கண்ணில் பிளவு, பிளவைக் கவ்வும் ஒரு போல்ட்.

துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தான்.

அவன் கவனக்குறைவானவன் அல்ல. போல்ட்டைத் திருகும்போது ராடு வளைந்துவிடாமல் இருக்க, பின்னின் உட்குழியில் ஓர் இரும்புக் கம்பியைச் செருகி அதைப் பிடித்துக்கொண்டுதான் திருகினான். இது எல்லாருக்கும் தெரியாத பக்குவம். போல்ட் இளகியது. நாலு சுற்று திருகினான். விரலால் ஆட்டினால் ஆடியது. அந்த அளவில் நிறுத்தினான். தளர்த்தினால் போதுமான போல்ட்டை முழுதாக எடுக்காதே, தொலைந்துபோகும், மாறிப்போகும் என்பது பட்டாளத்துப் பட்டறையின் சட்டம். அதற்கும் முந்தைய சட்டம் ஒன்று அவன் உடம்பில் இருந்தது. கட்டுமரத்தில் ஆணி கிடையாது. தடிகளைச் சேர்த்து வைத்திருப்பது கயிறு. கரைக்கு வந்ததும் கயிற்றைத் தளர்த்தினால் தடிகள் தாமாகப் பிரிந்து மணலில் உருளும். தளர்ந்தது விடும். இனயத்தில் பிறந்தவனுக்கு இதை யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை, சந்தேகப்படவும் தோன்றாது.

பெருவிரலால் பின்னை அழுத்தினான். அசையவில்லை. ஒரு கட்டையை வைத்து அழுத்தினான். அசையவில்லை.

“ஒரு தட்டு தட்டட்டா?” வள்ளிநாயகத்தின் கையில் சுத்தியல் இருந்தது.

“வேண்டாம்!”

பிள்ளை திடுக்கிட்டுச் சுத்தியலைக் கீழே வைத்தார். அந்த வீட்டில் அவரிடம் யாரும் அப்படிக் குரல் உயர்த்தியதில்லை. ததேயுஸ் முகத்தைத் துடைத்துக்கொண்டான். “இதுக்குச் சூடு வேணும் அண்ணாச்சி. கொதிக்கிற தண்ணியில போட்டா அலுமினியம் விரியும். எஃகு அவ்வளவு விரியாது. அப்பம் தானா இளகும்.” பட்டாளத்தில் வேறொருவன் செய்வதை அவன் பார்த்திருக்கிறான். புதுக்கடையில் அது ஞாபகம் வராமல் போனதுதான் தன் குற்றம் என்று இந்த நிமிஷம் அவனுக்குத் தோன்றியது. கொஞ்சம் தெம்பும் வந்தது.

பின்கட்டின் அடுத்த மூலையில் தாணம்மாள் நெல் அவித்துக்கொண்டிருந்தாள். செம்புப் பானையில் ஆவி பறந்தது. வள்ளிநாயகம் பானையைப் பார்த்தார், பிறகு மனைவியைப் பார்த்தார்.

“அந்தப் பார்வையே வேண்டாம்” என்றாள் அவள். “சோறு தின்னுக நெல்லு. இதுல கொண்டு அந்த நாத்தம் புடிச்ச சாமானத்தப் போட்டா ஒரு வருசத்துக்குப் பெட்ரோல் சோறுதான்.”

“தண்ணி மட்டும் எடுத்துக்கிடுதோம் அம்மா” என்றான் ததேயுஸ்.

அவள் அவனைப் பார்த்தாள். சொன்ன காரணம் எண்ணெய் நாற்றம். சொல்லாத காரணம் ஒன்றும் அந்தப் பார்வையில் இருந்தது, அதையும் அவன் கேட்டுக்கொண்டான். கடற்கரைக்காரன் சைவ வீட்டு நெல்லுப் பானைக்குள் கையை விட முடியாது. அவளுக்கும் அது சங்கடமாகத்தான் இருந்திருக்க வேண்டும். எழுந்து போய்த் தொழுவத்திலிருந்து ஒரு பழைய பானையைக் கொண்டு வந்து வைத்தாள். “மாட்டுக்குப் பருத்திக்கொட்ட அவிக்குகது. பசு ஒண்ணும் சொல்லாது.” பக்கத்து அடுப்பில் தீயையும் அவளே மூட்டிவிட்டாள்.

தண்ணீர் கொதித்தது. ராடைக் கம்பியில் கட்டிப் பிஸ்டன் மட்டும் அமிழும்படி தொங்கவிட்டான். பக்கத்துப் பானையில் நெல்லின் வாய் பிளக்கத் தொடங்கியிருந்தது. தாணம்மாள் ஒரு பிடி எடுத்து உள்ளங்கையில் பரப்பிப் பார்த்தாள். உள்ளே அரிசி பருக்க, உமி நடுவில் கீறிக்கொள்கிறது. ததேயுஸ் அந்தக் கீறல்களைப் பார்த்தான், உடனே முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

கால்மணி நேரம் கழித்துச் சாக்குத்துணியால் பிடித்துத் தூக்கினான். கமுகங்கம்பு ஒன்றைப் பின்னில் வைத்து உள்ளங்கையால் அழுத்தினான். பின் அசையவில்லை. மறுபக்கம் திருப்பி அழுத்தினான். அசையவில்லை. சூடு ஆறியது. மறுபடி அமிழ்த்தினான். மறுபடி எடுத்தான். உள்ளங்கை சிவந்து கொப்புளித்தது. பின் இருந்த இடத்தில் இருந்தது.

கோயில் பக்கமிருந்து ஏதோ மணிச்சத்தம். “எத்தன மணி இருக்கும்?”

“ரெண்டு கழிஞ்சாச்சு” என்றார் வள்ளிநாயகம். அவர் உட்காரவில்லை. வேப்பமரத்தைச் சுற்றி நடந்துகொண்டிருந்தார். “சிவதாணு காலைலருந்து மூணு தடவ இந்தப் பக்கமா வந்துட்டான். வெத்தல வாங்கப் போகானாம். இவ்வளவு வெத்தல தின்னா மனுசன் செத்துல்லா போவான்.”

மூன்றாம் முறை பிஸ்டனைத் தூக்கியபோது பின்னின் துளை ஓரத்தில் ஒரு மெல்லிய கோடு தெரிந்தது. வெயிலுக்குக் கொண்டுபோய்ப் பார்த்தான். நகத்தால் சுரண்டினான். கோடு நகத்தோடு வந்தது. கரிந்த எண்ணெயின் ஓரம். அவன் சாக்கின்மேல் உட்கார்ந்துவிட்டான்.

இனி என்ன செய்ய வேண்டும் என்று அவனுக்குத் தெரியவில்லை. தெரியாதபோது கை தானாகப் போகும் இடம் எது என்பதும் அவனுக்குத் தெரிந்திருந்தது. சுத்தியல் இரண்டு முழ தூரத்தில் கிடந்தது. ஒரே ஒரு அடி. கனமில்லாமல். அன்றும் முதல் அடி கனமில்லாததுதான். இன்று ராடு போகாவிட்டால் இந்த மனிதரின் வண்டி போகும். அடித்து உடைந்தாலும் போகும். அடித்து ஒருவேளை வந்துவிட்டால்? இந்த ‘ஒருவேளை’தான் புதுக்கடையில் ஒன்பது தடவை அவன் கையைத் தூக்கியது. சுத்தியலை எட்டி எடுத்தான். எடுத்துக் காளைத் தொழுவத்துப் பக்கமாகத் தூர வீசினான். பிள்ளை அதை வாய் திறந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

“உள்ள வாருங்க, இன்னொரு மரக்கால் நெல்லு எடுக்கணும்” என்று தாணம்மாள் கணவரைக் கூப்பிட்டாள்.

பின்கட்டை ஒட்டிய அறையில் பத்தாயம் இருந்தது. ஆள் உயரத்துக்கு மரத்தாலான நெல் பெட்டி. நெல்லை மேலே கொட்டுவார்கள். எடுப்பதற்குக் கீழே ஒரு சின்ன வாய், அதற்கு இழுத்துத் திறக்கும் பலகை. பலகை தானாக நழுவாமல் குறுக்கே ஒரு மர ஆணி. கதவு திறந்திருந்ததால் ததேயுஸுக்கு எல்லாம் தெரிந்தது. வள்ளிநாயகத்தின் மனம் அங்கே இல்லை. ஆணியைப் பிடித்து இரண்டு ஆட்டு ஆட்டிக் கொஞ்சம் மேலே இழுத்துவிட்டுப் பலகையைப் பிடித்து இழுத்தார். வரவில்லை. காலை முட்டுக்கொடுத்து இழுத்தார். மரம் முனகியது.

“ஐயோ, விடுங்க!” தாணம்மாள் ஓடிவந்து அவர் கையைத் தட்டினாள். “ஆணிய ஆட்டினாப் போருமா? முழுசா உருவாண்டாமா? பாதி ஆணி பலகயில இருக்கும்போ இழுத்தா ஆணியா வரும்? பலகயில்லா பிளக்கும்!”

ஆணியை முழுவதுமாக உருவிக் கையில் வைத்துக்கொண்டு, ஒரு விரலால் பலகையை இழுத்தாள். நெல் கொட்டியது.

ததேயுஸ் எழுந்தான். ஏன் எழுந்தான் என்று அவனே சொல்ல முடியாது, உடம்பு முந்திக்கொண்டது. அவள் கையில் இருந்த ஆணியின் ஒரு பக்கத்தில், பலகையின் பள்ளத்தில் உட்காரும் இடம் தேய்ந்து வழவழவென்று மின்னியது.

திரும்பி வந்து போல்ட்டைத் திருகினான். ஐந்தாவது சுற்று, ஆறு, ஏழு. போல்ட் முழுவதுமாக வெளியே வந்து உள்ளங்கையில் விழுந்தது. அதன் நடுவில் ஒரு பக்கம் மட்டும் தேய்ந்து மின்னியது. தீக்குச்சியைக் கிழித்துத் துளைக்குள் பார்த்தான். பின்னின் முதுகில் பிறைபோல ஒரு வெட்டு. போல்ட் வெறுமனே பிளவை இறுக்கவில்லை. பின்னின் பள்ளத்தில் குறுக்கே படுத்து அதை மறித்துக்கொண்டும் இருந்தது. தளர்த்தினாலும் மறித்துக்கொண்டுதான் இருக்கும். கொதிநீரில் ஒரு நாள் முழுக்கப் போட்டாலும், ஒன்பது அடி அல்ல, தொண்ணூறு அடி அடித்தாலும் பின் வராது.

சந்தோஷம் வரவில்லை. முதலில் வந்தது புதுக்கடை. இரண்டு வருடமாகக் கையைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறான். கை கனமானது என்று நினைத்தான், பிறகு ராசியில்லாதது என்று நினைத்தான், வேளாங்கண்ணிக்கு நேர்ந்துகூட வைத்தான். ஒரு போல்ட்டின் மூன்று சுற்று. அவ்வளவுதான் விஷயம்.

“என்ன வே? என்னாச்சு?”

“தண்ணி கொதிக்கட்டும் அண்ணாச்சி” என்றான்.

இந்த முறை கமுகங்கம்பைப் பின்னில் வைத்துப் பெருவிரலால் அழுத்தினான். முதலில் ஒரு தயக்கம். பிறகு பின் மெல்ல, வெண்ணெய்க்குள்ளிருந்து வருவதுபோல, மறுபக்கம் நீண்டு வந்து சாக்கின்மேல் விழுந்தது. பிஸ்டனைக் காதருகே வைத்து விரலால் சுண்டினான். தெளிவான சத்தம். கீறல் இல்லை.

“பாத்தியா, தாணம்மா! கைன்னா இதாக்கும் கை!” வள்ளிநாயகம் துள்ளினார். “ஒரு அடி இல்லாம எடுத்துட்டாரு பாரு!”

அந்தப் புகழை வாங்கிக்கொள்ள ததேயுஸால் முடியவில்லை. “அண்ணாச்சி, ஒரு காரியம் சொல்லணும். புதுக்கடையில இதே மாதிரி ஒரு பிஸ்டன நான் உடச்சிருக்கேன். போல்ட்ட பாதி கழத்திட்டு அடிச்சேன். கீறல் முன்னமே கெடந்துதுன்னு அவருகிட்ட பொய்யும் சொன்னேன்.”

இத்தகைய இடங்களில் கேட்பவர் தோளைத் தட்டிக்கொடுப்பார் என்று நாம் எதிர்பார்க்கிறோம். வள்ளிநாயகத்தின் முகம் வெளிறியது. “என்ன வே சொல்லுகேரு! இத நேத்து சொல்லியிருந்தா வண்டியத் தொட விட்டிருப்பேனா?” அவன் கையிலிருந்த பிஸ்டனை வாங்கித் தாமே நாலு பக்கமும் திருப்பிப் பார்த்தார். “வேற எங்கெல்லாம் என்னெல்லாம் உடச்சிருக்கேரு? இப்பமே சொல்லிப்போடும்!”

“அது ஒண்ணுதான்.”

“சத்தியமா?”

“சத்தியமா.”

பஸ்ஸின் ஹாரன் கேட்டது. ததேயுஸ் ராடைத் துணியில் சுற்றிக்கொண்டு ஓடினான்.

வியாழக்கிழமை மாட்டும் வேலை முழுவதும் வள்ளிநாயகம் முக்காலி போட்டு எதிரே உட்கார்ந்திருந்தார். ஒவ்வொரு போல்ட்டுக்கும், “இது முழுசா இறுக்கியாச்சா? பாதியில விடலியே?” என்று கேட்டார். ததேயுஸ் ஒவ்வொரு முறையும் பதில் சொன்னான். கேட்க அவருக்கு உரிமை உண்டு என்று நினைத்தான். ஒருமுறை அவர் கேட்க மறந்தபோது அவனாகவே, “இதும் இறுக்கியாச்சு” என்றான்.

வெள்ளிக்கிழமை காலை அவனையும் காரில் ஏற்றிக்கொண்டுதான் பிள்ளை புறப்பட்டார். நாகர்கோவில் வரை ததேயுஸ் இன்ஜினையே கேட்டுக்கொண்டு வந்தான். இன்ஜின் சீராக ஓடியது. ஆனால் கேட்கத் தொடங்கிவிட்ட காதுக்குச் சீரான சத்தம் என்று ஒன்று கிடையாது. கல்லில் டயர் ஏறினால் அது ராடு தட்டுவதாகக் கேட்டது. கதவு அதிர்ந்தால் பின் நழுவுவதாகக் கேட்டது. பரிசோதித்த அதிகாரி ஹாரனை அடித்துப் பார்த்தார், விளக்கைப் போட்டுப் பார்த்தார், பிரேக்கை மிதிக்கச் சொன்னார். மைதானத்தைச் சுற்றி இரண்டு வட்டம் ஓடவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

வெளியே வந்ததும் வள்ளிநாயகம் நீண்ட மூச்சு விட்டார். “அடுத்த மாசம் எண்ண மாத்தணும். வாரும்” என்றார். மேற்கே போகும் பஸ் நிற்கும் இடத்தில் அவனை இறக்கிவிட்டார்.

ததேயுஸ் வழக்கமாகச் சனிக்கிழமைதான் போவான். அன்று வெள்ளிக்கிழமையே ஏறினான். இனயத்துக்குச் சீட்டு வாங்கியவன் புதுக்கடையில் இறங்கினான்.

வைகுண்டராஜன் கடையில் உட்கார்ந்து ஏதோ எழுதிக்கொண்டிருந்தார். மேசைமேல் கிடந்த தாள்கள் பறக்காமல் இருக்க ஒரு கனமான பொருள் வைத்திருந்தார். ததேயுஸ் அதைப் பார்த்தான். கீறல் விட்ட பிஸ்டன். பின்னோடும் ராடோடும், அப்படியே.

“ஆரு, ததேயுவா?” அவர் நிமிர்ந்தார். “கெழக்கே போனவன் இஞ்ச எதுக்கு வந்த?”

“முதலாளி, அது நான் உடச்சதுதான். கீறல் முன்ன இல்ல.”

“அது எனக்குத் தெரியாதாக்கும்? ஊருக்கே தெரியும்லா. அத இப்பம் எதுக்குச் சொல்லுக?”

“எப்பிடி உடஞ்சுதுன்னு எனக்கு இப்பம்தான் தெரியும்.”

அவர் பேனாவை வைத்தார். ததேயுஸ் மடியிலிருந்து ஸ்பேனரை எடுத்தான். தாள்களைக் கையால் அமர்த்திப் பிஸ்டனைத் தன் பக்கம் இழுத்தான். போல்ட் இரண்டு வருடத் துருவில் முரண்டியது, பிறகு இளகியது. நாலாவது சுற்றில் நிறுத்தி, “அண்ணு இவ்வளவுதான் கழத்தினேன்” என்றான். பின்னை அழுத்திக் காட்டினான். உடைந்த துளையிலும் அது உள்ளே மறிபட்டுக் கிடந்தது. மறுபடி திருகினான். போல்ட் மேசைமேல் விழுந்தது. பெருவிரலால் தள்ளினான். பின் நழுவி அவன் உள்ளங்கைக்கு வந்தது.

வைகுண்டராஜன் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். எதிரே அதே டீக்கடையில் ஜான்ரோஸ் டீக் கிளாசோடு எழுந்து நின்று எட்டிப் பார்த்தான். எண்ணுவதற்கு அவனுக்கு ஒரு சத்தமும் கிடைக்கவில்லை.

“எட்டு மாசம்” என்றார் வைகுண்டராஜன் கடைசியில். “எட்டு மாசம் வண்டி கட்டயில நின்னுது. இதுக்கா?”

“ஓம் முதலாளி.”

“பொய் எதுக்குல சொன்ன?”

“பேடிச்சுப் போனேன்.”

மேசையில் ஒரு தாள் காற்றில் எழும்பியது. அவர் அதை எட்டிப் பிடித்தார். “செரி. அத இருந்தபடி மாட்டி அங்கன வையி. தாளு பறக்குது.”

ததேயுஸ் பின்னைத் துளையில் நுழைத்தான். போல்ட்டைச் செருகிக் கடைசிச் சுற்று வரை இறுக்கினான். தாள்களின்மேல் வைத்துவிட்டு வெளியே வந்தான். அடுத்த பஸ்ஸுக்கு அரைமணி நேரம் இருந்தது. டீக்கடைக்கு எதிரிலேயே நின்றான்.

அடுத்த சனிக்கிழமை பஸ்ஸில் வலப்பக்கம் உட்கார்ந்தான். புதுக்கடை வந்தபோது கடையைப் பார்த்தான். வைகுண்டராஜன் குனிந்து எழுதிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.